‘முகம் காட்டாமல் சம்பாதிக்கலாம்’: சந்தா ஆபாசச் சந்தையும் பொத்தேரி விடுதி அறைகளும்

2025 ஜூன் மாதம் ஹைதராபாத்தின் அம்பர்பேட்டைப் பகுதியில் ஒரு தம்பதியைக் காவல்துறை கைது செய்தது. தங்கள் அந்தரங்கத்தை வீட்டிலிருந்தபடியே ஒரு செயலி வழியாக நேரலையில் காட்டிப் பணம் வாங்கினார்கள் என்பது வழக்கு. நேரலைக்கு 2,000 ரூபாய் வரை, பதிவு செய்த காணொளிக்கு 500 ரூபாய் என்று கட்டணம். தரமான கேமராக்கள் பறிமுதல் செய்யப்பட்டன. இருவரும் முகமூடி அணிந்துதான் கேமரா முன் வந்திருக்கிறார்கள். கணவர் வாடகை வண்டி ஓட்டியவர், உடல்நலம் குன்றியவர். மகள்களின் கல்லூரிக் கட்டணத்துக்கு வழி தெரியாமல் இதில் இறங்கியதாக அவர்கள் கூறினர் என்று செய்திகள் தெரிவித்தன.

வெட்கக்கேடு என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடலாம். ஆனால் இந்தச் செய்தியில் இரண்டு விவரங்கள் உறுத்துகின்றன. ஒன்று அந்த முகமூடி. மற்றொன்று கல்லூரிக் கட்டணம்.

தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு செல்லும் மின்சார ரயிலில் காலை நேரம் ஏறியவர்களுக்குத் தெரியும், பொத்தேரி நிலையத்தில் பெட்டி பாதி காலியாகிவிடும். காட்டாங்குளத்தூர் பல்கலைக்கழக வளாகத்தை நம்பியே ஒரு தனி ஊர் அங்கே உருவாகிவிட்டது. ஜிஎஸ்டி சாலையின் இருபுறமும் மகளிர் விடுதிகள், பேச்சிலர் அறைகள், நான்கு பேர் பங்கிட்டுக்கொள்ளும் அடுக்குமாடி வீடுகள், இரவு ஒரு மணிவரை திறந்திருக்கும் உணவகங்கள். கூடுவாஞ்சேரி, மறைமலைநகர் வரை இதே காட்சிதான். ஆம்பூர், மேலப்பாளையம், கீழக்கரை என்று நம் ஊர்களிலிருந்தும் பிள்ளைகள் வந்து தங்கிப் படிக்கிறார்கள். தனியார் பல்கலைக்கழகங்களில் பொறியியல் படிப்புக்கு ஆண்டுக்குச் சில லட்சங்கள் ஆகும். விடுதி, சாப்பாடு, மடிக்கணினி எல்லாம் தனி. மாத நடுவில் கையில் காசில்லாத, கைப்பேசியில் மட்டும் வரம்பில்லாத இணையம் உள்ள பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகள் இவ்வளவு நெருக்கமாக வாழும் இடம் சென்னையைச் சுற்றி வேறு அதிகமில்லை.

பொத்தேரியில் இப்படி ஒரு வழக்கு பதிவானதாக நாம் சொல்ல வரவில்லை. ஊரின் பெயரைக் கெடுப்பது நம் நோக்கமும் இல்லை. அம்பர்பேட்டைத் தம்பதியைத் தள்ளிய அதே பணநெருக்கடியும், அவர்களுக்குத் துணிச்சல் கொடுத்த அதே ‘முகம் தெரியாது’ என்ற நம்பிக்கையும் இந்த அறைகளுக்கும் கைப்பேசி வழியாக வந்து சேர்கின்றன என்பதுதான் பேச்சு. 2024 ஆகஸ்ட் 31-ஆம் தேதி தாம்பரம் மாநகரக் காவல்துறை சுமார் ஆயிரம் காவலர்களை இறக்கி, பொத்தேரி அடுக்குமாடிகளில் மாணவர் அறைகளைக் கஞ்சாவுக்காகச் சோதனையிட்டது நினைவிருக்கும். பொட்டலத்தைத் தேடக் கதவைத் தட்டலாம். இந்தச் சரக்கு எந்தக் கதவு வழியாகவும் வருவதில்லை.

முகமில்லாச் சரக்குக்கு யோசனை விற்பவர்கள்

இந்தச் சந்தையின் பெரிய கடை ஓன்லிஃபேன்ஸ். 2016-இல் லண்டனில் தொடங்கப்பட்டது. ரசிகர் மாதச் சந்தா கட்டுவார், படைப்பாளி என்று அழைக்கப்படுபவர் படங்களும் காணொளிகளும் தருவார், வரும் பணத்தில் 20 சதவீதத்தை நிறுவனம் எடுத்துக்கொள்ளும். கொரோனா ஊரடங்குக் காலத்தில் இது பெருத்தது. 2024 நவம்பரோடு முடிந்த நிதியாண்டில் ரசிகர்கள் செலவிட்ட தொகை ஏறத்தாழ 720 கோடி டாலர் என்று நிறுவனமே கணக்குக் காட்டியது. படைப்பாளிக் கணக்குகள் 46 லட்சம். ரசிகர் கணக்குகள் 37 கோடியே 70 லட்சம்.

இதைப் பார்த்து உருவான துணைத் தொழில்தான் இன்று நம் பிள்ளைகளின் கைப்பேசியை எட்டுகிறது. ‘முகம் காட்டாமல் சம்பாதிப்பது எப்படி’ என்று யோசனைப் பட்டியல் போடும் கூட்டம் அது. கையை மட்டும் காட்டு, காலை மட்டும் காட்டு, குரலை மட்டும் விற்பனை செய், கழுத்துக்குக் கீழே போதும், முகமூடி போட்டுக்கொள், வேண்டுமானால் ஏஐ முகம் ஒட்டிக்கொள் என்று வகைவகையாகச் சொல்வார்கள். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் மருதாணி போடக் கற்றுக்கொள்ளச் சொல்வது போன்ற சாதாரணக் குரலில் சொல்வார்கள் என்பதுதான் இதில் ஆபத்து. முதல் படி அவ்வளவு தாழ்வாக இருக்கும். பாதத்தின் படத்துக்குச் சந்தா கட்டியவர் அடுத்த மாதம் அதே படத்துக்குக் கட்ட மாட்டார். கூடுதலாகக் கேட்பார், கூடுதலாகத் தருவதாகச் சொல்வார். எங்கே நிற்பது என்பதை அப்போது தீர்மானிப்பது அந்தப் பெண்ணின் மனசாட்சி அல்ல, அந்த மாத வாடகை.

சம்பாத்தியமாவது சொன்னபடி வருகிறதா? நிறுவனத்தின் கணக்கையே வைத்துப் பார்ப்போம். 720 கோடியில் 20 சதவீதம் போக, படைப்பாளிகளுக்குப் போனது சுமார் 580 கோடி டாலர். அதை 46 லட்சம் கணக்குகளுக்குப் பகிர்ந்தால் ஒருவருக்கு ஆண்டுக்கு 1,260 டாலர், மாதத்துக்கு நூறு டாலரும் சொச்சமும். இதுவும் வெறும் சராசரிதான். ஏற்கெனவே பெயர் பெற்ற நடிகைகளும் பாடகிகளும் பெரும்பங்கை அள்ளிக்கொண்டு போகும் சந்தையில், முகமே காட்டாத ஒரு புதியவருக்குக் கிடைப்பது எவ்வளவு என்று வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம். கூடுவாஞ்சேரியில் நான்கு பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுத்தால் இதைவிட நிச்சயமான காசு வரும்.

நடுவில் ‘ஏஜென்சி’ என்ற பெயரில் ஒரு தரகர் கூட்டமும் உண்டு. கணக்கை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், நீ படம் மட்டும் அனுப்பு என்பார்கள். ரசிகரிடம் இரவெல்லாம் அந்தப் பெண்ணாகப் பேசுவது பிலிப்பைன்ஸ் போன்ற நாடுகளில் குறைந்த சம்பளத்துக்கு அமர்த்தப்பட்ட வேறு யாரோ. இந்த ஏமாற்று குறித்து அமெரிக்காவில் ரசிகர்கள் வழக்குகூடத் தொடுத்திருக்கிறார்கள். ஆக, பார்ப்பவர் ஒரு பொய்யிடம் பேசுகிறார். அதற்கு உடலைக் கொடுத்தவர் வருமானத்தில் பெரும்பங்கை யாரென்றே தெரியாத தரகருக்குக் கொடுக்கிறார்.

யாருக்கு மறைகிறது முகம்?

இந்தத் தளங்களில் கணக்குத் தொடங்க அரசு அடையாள அட்டையும், அதைப் பிடித்தபடி எடுத்த முகப்படமும், வங்கிக் கணக்கும் கட்டாயம். ரசிகருக்கு முகம் தெரியாது, நிறுவனத்துக்கு முகம், பெயர், முகவரி எல்லாம் தெரியும். எதிர்ப்பக்கம் என்ன நிலை? பார்ப்பவரை யாருக்கும் தெரியாது. ஒரு பொய்ப்பெயர், ஒரு அட்டை எண், வேலை முடிந்தது. உண்மையான மறைவு வாங்குபவருக்குத்தான் கிடைக்கிறது.

வெளிநாட்டுத் தளங்களின் சிக்கலைத் தவிர்க்க நம் நாட்டில் பலர் டெலிகிராம் தனிக்குழுவும் யுபிஐயும் போதும் என்று இறங்குகிறார்கள். 2025 ஜூன் 30-க்குள் எல்லா யுபிஐ செயலிகளும் பணம் பெறுபவரின் வங்கிப் பதிவிலுள்ள பெயரையே அனுப்புபவருக்குக் காட்ட வேண்டும் என்று தேசியக் கொடுப்பனவுக் கழகம் உத்தரவிட்டிருக்கிறது. மோசடிகளைத் தடுக்க வந்த நல்ல விதி. ஆனால் முகத்தை மறைத்துக்கொண்டு முழுப்பெயரை ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் அச்சடித்துக் கொடுப்பது போலத்தான் முடிகிறது இந்த ‘ரகசிய’ வியாபாரம்.

பெயர் போகட்டும், அறையே காட்டிக்கொடுத்துவிடும். விடுதியில் எல்லா அறைக்கும் ஒரே மாதிரி வாங்கிப் போட்ட திரைச்சீலை, சன்னல் வழியே கேட்கும் ரயில் அறிவிப்பு, கையிலுள்ள தழும்பு, குரல், தமிழ் பேசும்போது வரும் ஊர் வழக்கு. பக்கத்து அறைக்காரருக்கு இதில் ஒன்று போதும். வெளியானபின் சந்தா, பூட்டு எதுவும் கிடையாது. ஒருவர் திரையைப் பதிவு செய்து போட்டால் நூறு குழுக்களில் இலவசமாக ஓடும்.

பிறகு மிரட்டல் தொடங்கும். பொள்ளாச்சியில் என்ன நடந்தது என்று தமிழ்நாட்டுக்குத் தெரியும். 2019-இல் வெளிவந்த அந்த வழக்கில் காணொளிதான் ஆயுதம். பெண்கள் வாயைத் திறக்க முடியாமல் செய்தது அதுதான். 2025 மே 13-ஆம் தேதி கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்குச் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது. அங்கே பெண்கள் ஏமாற்றப்பட்டார்கள், இங்கே தாமே விற்கிறார்கள், இரண்டையும் ஒப்பிடலாமா என்று கேட்கலாம். தொடக்கம் வேறுதான். ஆனால் காணொளி இன்னொருவன் கையில் சிக்கியபின் நடப்பது ஒன்றே. பொள்ளாச்சிப் பெண்களுக்குக் காவல் நிலையம் போக ஒரு வழியாவது இருந்தது. இவர்களுக்கு அந்த வழியையும் சட்டம் பாதி அடைத்து வைத்திருக்கிறது.

சட்டம் யார் பக்கம்?

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-ஆவது பிரிவு ஆபாசத்தை மின்னணு வடிவில் வெளியிடுவதைத் தண்டிக்கிறது. முதல்முறை மூன்று ஆண்டு வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம். பாலியல் செயலை வெளிப்படையாகக் காட்டினால் 67ஏ. அதற்கு ஐந்து ஆண்டு வரை சிறை, பத்து லட்சம் வரை அபராதம். வெளியிட்டவர் தன் சொந்த விருப்பத்தில் வெளியிட்டாரா, வயது வந்தவரா என்பதெல்லாம் இந்தப் பிரிவில் விதிவிலக்காக இல்லை. 2024 மார்ச்சில் ‘காலேஜ் ரொமான்ஸ்’ தொடர் வழக்கில் உச்ச நீதிமன்றம், கெட்ட வார்த்தை பேசுவதெல்லாம் ஆபாசமாகிவிடாது என்று வரையறையைச் சற்றே இறுக்கியது. உடலை விற்கும் காணொளிக்கு அது உதவாது.

தமிழ்நாட்டுக்கு இந்தச் சட்டத்தோடு பழைய உறவு உண்டு. 67-ஆவது பிரிவில் நாட்டின் முதல் தண்டனை என்று பேசப்படுவது 2004 நவம்பரில் சென்னை எழும்பூர் நீதிமன்றம் விதித்ததுதான். விவாகரத்தான ஒரு பெண்ணைப் பற்றி யாஹூ குழுவில் அசிங்கமாக எழுதி, அவர் எண்ணுக்கு அழைப்புகள் வரச்செய்த வழக்கு அது. பின்னர் 2014-இல் குண்டர் தடுப்புச் சட்டத்தைத் திருத்தி இணையவெளிக் குற்றவாளிகளையும் அதில் சேர்த்தது தமிழக அரசு. ஓராண்டு வரை விசாரணையில்லாமல் அடைத்து வைக்கலாம். படம் வெளியிடும் மாணவிக்கு இந்த ஊரில் காத்திருக்கும் ஆபத்து மற்ற மாநிலங்களைவிடக் கூடுதல் என்பதை அந்த யோசனைப் பட்டியல் எழுதும் வெளிநாட்டுக்காரர் சொல்லமாட்டார்.

வாங்குபவர்? வயது வந்தோர் நடித்த ஆபாசத்தைத் தனியறையில் பார்ப்பது இந்தியாவில் குற்றமில்லை. காசு கொடுத்துப் பார்த்தவர் வீட்டில் தூங்குகிறார், காசு வாங்கியவர் நீதிமன்றத்தில் நிற்கிறார். மார்க்க அடிப்படையில் இரண்டு பேரும் ஹராமில் விழுந்தவர்கள்தான், அதில் நமக்கு எந்தத் தடுமாற்றமும் இல்லை. ஆனால் சட்டம் ஒருபக்கம் மட்டுமே அடிக்கும்போது அந்த அடியின் பலன் மிரட்டுகிறவனுக்குப் போகிறது. ‘போலீசுக்குப் போ, முதலில் உன்னைத்தான் பிடிப்பார்கள்’ என்று அவன் சொல்வதில் உண்மை இருக்கிறது.

காவல்துறைக்குப் போனால் பெயர் வெளியே வந்துவிடும் என்ற பயத்திலும் உண்மை இருக்கிறது. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் மாணவி வன்கொடுமைக்கு ஆளான வழக்கில், அவருடைய விவரங்களோடு முதல் தகவல் அறிக்கையே இணையத்தில் கசிந்தது. சென்னை உயர் நீதிமன்றம் 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு வழங்க அரசுக்கு உத்தரவிட நேர்ந்தது. 2025 ஜூலையில் ஒரு பெண் வழக்கறிஞரின் அந்தரங்கக் காணொளிகள் அவர் அனுமதியின்றி இணையத்தில் பரவியபோது, 48 மணி நேரத்துக்குள் அவற்றை அகற்ற மத்திய மின்னணு அமைச்சகத்துக்கு நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் உத்தரவிட்டார். அந்த வழக்கிலும் பாதிக்கப்பட்டவரின் பெயரைக் காவல்துறை வெளிப்படுத்தியதையும், ஆண் காவலர்கள் முன்னிலையில் அவரைக் காணொளியை அடையாளம் காட்டச் செய்ததையும் நீதிபதி கண்டித்தார். சட்டம் படித்து, நீதிமன்றத்தில் வாதாடும் ஒருவருக்கே இந்தக் கதி. இருபது வயதில், வெளிமாநிலத்திலிருந்து வந்து, தமிழும் சரியாகத் தெரியாத ஒரு மாணவிக்கு?

அந்த வழக்கால் ஒரு நன்மை விளைந்தது. அனுமதியின்றிப் பரவும் அந்தரங்கப் படங்களை எப்படி அகற்றுவது என்பதற்கு 2025 நவம்பரில் மத்திய அரசு ஒரு நிலையான வழிமுறையை வெளியிட்டது. 2021 விதிகளில் தளங்களுக்கு 24 மணி நேரம் இருந்தது. 2026 பிப்ரவரித் திருத்தத்தில் அது இரண்டு மணி நேரமாகச் சுருக்கப்பட்டது. சந்தாவுக்குக் கொடுத்த படம் கசிந்தாலும் அதில் இருப்பவர் புகார் தரலாம் என்றே விதியின் வாசகம் இடம் தருகிறது, ஒருவருக்குக் காட்டச் சம்மதித்தது ஊருக்கே காட்டச் சம்மதித்ததாகாது. ஆனால் புகாரின் முதல் வரியிலேயே 67ஏ-க்கு ஒப்புதல் வாக்குமூலம் எழுதியாக வேண்டுமே என்ற கேள்விக்கு அந்த வழிமுறையில் பதில் இல்லை. படம் யாரால், எதற்காக எடுக்கப்பட்டது என்று பாராமல், கசியவிட்டவரை மட்டும் விசாரிக்கும் ஏற்பாடு இல்லாதவரை இந்த இரண்டு மணி நேரம் பலருக்கு எட்டாக்கனிதான்.

அடுத்தவர் முகம்

முகமில்லாமல் சம்பாதிக்க இன்னொரு வழியும் கண்டுபிடித்துவிட்டார்கள். தன் முகத்துக்குப் பதில் வேறொருவர் முகத்தை ஒட்டுவது.

அஸ்ஸாமின் திப்ருகரில் 2025 ஜூலையில் வெளிச்சத்துக்கு வந்த சம்பவம் இது. இன்ஸ்டாகிராமில் 14 லட்சம் பேர் பின்தொடர்ந்த, நாடே பேசிய ஒரு கவர்ச்சிக் கணக்கு. அந்தப் பெண் அமெரிக்க ஆபாசத் திரையுலகுக்குப் போகிறார் என்றெல்லாம் செய்தி ஓடியது. உண்மையில் அப்படி ஒரு பெண்ணே அந்தக் கணக்கில் இல்லை. திப்ருகரில் தன் பாட்டுக்கு வாழ்ந்துவந்த ஒரு பெண்ணின் பழைய படத்தை எடுத்து, அவருடைய முன்னாள் காதலர் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளால் எல்லாவற்றையும் உருவாக்கியிருந்தார். அவர் இயந்திரவியல் பொறியாளர். பழிவாங்கத் தொடங்கியது, சந்தாப் பக்கம் வைத்தபின் தொழிலானது. பத்து லட்சம் ரூபாய் வரை சம்பாதித்ததாகவும், கைதாவதற்கு முந்தைய ஐந்து நாட்களில் மட்டும் மூன்று லட்சம் வந்திருக்கலாம் என்றும் காவல்துறை தெரிவித்தது. விஷயம் ஊரெல்லாம் பரவிய பிறகே அந்தப் பெண்ணின் குடும்பத்துக்குத் தெரிந்தது.

‘முகமற்ற படைப்பாளி’ என்ற சொல்லின் கடைசி வடிவம் இதுதான். படைத்தவருக்கு முகம் இல்லை, பழி சுமந்தவருக்கு மட்டும் முகம் இருந்தது.

நம் சமுதாயப் பெண்களுக்கு இது புதிதல்ல. 2021 ஜூலையில் ‘சுல்லி டீல்ஸ்’, 2022 ஜனவரி முதல் நாளில் ‘புல்லி பாய்’ என்று கிட்ஹப் தளத்தில் முஸ்லிம் பத்திரிகையாளர்கள், செயற்பாட்டாளர்களின் படங்களைப் போட்டு ‘ஏலம்’ விட்டார்கள். அப்போது சாதாரண முகப்படங்கள்தான் திருடப்பட்டன. கைதானவர்களில் கல்லூரி மாணவர்களும் இருந்தார்கள் என்பதைப் பல்கலைக்கழக ஊர் பற்றிய இந்தக் கட்டுரையில் சொல்லாமல் விட முடியாது. அன்று அந்தக் கூட்டத்திடம் இல்லாத கருவி இன்று எல்லோர் கைப்பேசியிலும் இருக்கிறது.

புர்காவும் ஹிஜாபும் இந்தச் சந்தையில் ஒரு வேடமாகவே விற்கப்படுகின்றன. லெபனானில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த மியா கலீஃபா 2014-இல் ஹிஜாப் அணிந்து நடித்த ஒரு காட்சிதான் அவரை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. அந்தத் துறையில் இருந்தது சில மாதங்கள், மொத்தமாகக் கிடைத்தது சுமார் 12,000 டாலர் என்று அவரே பின்னர் சொன்னார். படம் மட்டும் இன்றும் ஓடுகிறது. முகம் மறைக்க விரும்பும் யாரும் ஒரு புர்காவை வாங்கி மாட்டிக்கொள்ளலாம் என்ற நிலையில், ‘முஸ்லிம் பெண் காணொளி’ என்று வாட்ஸ்அப்பில் வரும் எதையும் நம்ப நமக்கு எந்த ஆதாரமும் இல்லை.

ஆனால் நம் குழுக்களில் என்ன நடக்கிறது? ‘பெற்றோர்களே எச்சரிக்கை’ என்று தலைப்பிட்டு, அந்தக் காணொளியையே இணைத்து, மஹல்லா குழுவில் போடுகிறார்கள். எந்த ஊர்ப் பெண், யார் மகள் என்று கீழே விசாரணை வேறு. அனுப்புவதும் 67ஏ-யின்படி குற்றமே. அதற்கு முன், கண்ணால் காணாததை ஒரு பெண்ணின் மீது சொல்வதற்கு நான்கு சாட்சிகளைக் கேட்கும் சூரா அந்நூர் நம் வீட்டு அலமாரியில்தான் இருக்கிறது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மீது சுமத்தப்பட்ட அவதூறு மதீனாவில் வாய்க்கு வாய் பரவியது. கேட்ட மாத்திரத்தில் பொய் என்று ஒதுக்காமல் அதைக் கடத்தியவர்களை அதே சூரா கண்டிக்கிறது.

அந்த சூராவில் இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. பார்வையைத் தாழ்த்தும் கட்டளை முதலில் ஆண்களுக்கு வருகிறது, அடுத்த வசனத்தில்தான் பெண்களுக்கு. நம் ஜும்ஆ உரைகளில் இந்த வரிசை பெரும்பாலும் மாறிவிடுகிறது. மேலே சொன்ன கணக்கை மீண்டும் பாருங்கள்: 46 லட்சம் பேர் காட்டுகிறார்கள், 37 கோடியே 70 லட்சம் பேர் பார்க்கிறார்கள். ஒருவருக்கு எண்பது பேர். பொத்தேரியில் ஒரு விடுதி அறையில் யாராவது இதைத் தயாரிக்கிறார்களா என்று தேடுவதற்கு முன், எத்தனை அறைகளில் இதற்குச் சந்தா கட்டப்படுகிறது என்று கேட்பது நியாயம். கேமராவுக்கு முன்னால் இருக்கும் பெண்ணைக் கண்டிக்க நூறு பேர் இருக்கிறார்கள். திரைக்கு முன்னால் இருக்கும் மகனிடம் பேச ஒருவரும் இல்லை.

தன் பாவத்தை அல்லாஹ் மறைத்திருக்க, தானே அதை வெளிப்படுத்துபவரைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் கடுமையாக எச்சரித்த நபிமொழி உண்டு. இந்தத் தொழிலின் அடிப்படையே அந்த வெளிப்படுத்தல்தான், முகமூடி போட்டாலும் அது மாறாது. அதேபோல் பிறர் குறையைத் துருவித் தேடாதே என்ற கட்டளையும் நமக்கு உண்டு. இரண்டில் முதலாவதை மட்டும் மேடையில் பேசி, இரண்டாவதைக் குழுவில் மீறுகிறோம்.

பணத்தின் பக்கம்

கல்லூரிக் கட்டணத்துக்கு வருவோம். கல்விக்கடன் வட்டி என்பதால் தவிர்க்கும் குடும்பங்கள் நம்மிடையே ஏராளம், அது பாராட்டத்தக்கது. தவிர்த்தபின் பிள்ளை என்ன செய்கிறான், என்ன செய்கிறாள் என்று ஜமாஅத் கேட்கிறதா? கடன் செயலிகளின் பக்கம் போன பிள்ளைகளின் கதை தெரிந்ததே. மூவாயிரம் ரூபாய்க்குக் கைப்பேசியின் தொடர்பு எண்கள், படங்கள் அனைத்தையும் எழுதிக் கொடுத்துவிட்டு, தவணை தவறியதும் மார்ஃபிங் செய்த நிர்வாணப் படம் உறவினர்களுக்கெல்லாம் போய்ச் சேர்ந்த புகார்கள் கொரோனாக் காலம் முதல் தமிழ்நாட்டில் வரிசையாக வந்தன. 2022-இல் ரிசர்வ் வங்கி டிஜிட்டல் கடனுக்கு விதி கொண்டுவரும் அளவுக்கு முற்றியது.

ஜகாத், பைத்துல்மால் நிதியிலிருந்து கல்வி உதவி தரும் ஜமாஅத்துகள் உள்ளன. பெரும்பாலும் அது ஜூன் மாதத்தில், முதலாமாண்டுக் கட்டணத்துக்கு, மேடையில் கூப்பிட்டுப் படம் எடுத்துக்கொண்டு தரப்படுகிறது. பணம் உண்மையில் தட்டுப்படுவது டிசம்பரில், மூன்றாம் ஆண்டில், தேர்வுக் கட்டணமும் விடுதி பாக்கியும் ஒன்றாக வரும்போது. அந்த நேரத்தில் பெயரைச் சொல்லாமல், படம் எடுக்காமல், ஒரு போன் செய்தால் பத்தாயிரம் ரூபாய் திருப்பித் தரும் கடனாகக் கிடைக்கும் ஓர் ஏற்பாடு தாம்பரம் முதல் செங்கல்பட்டு வரையுள்ள பள்ளிவாசல்கள் கூடினால் முடியாததா? முகம் காட்டாமல் பணம் கிடைக்க வேண்டிய இடம் அதுதான்.

வயது குறித்து ஒரு வார்த்தை. முதலாமாண்டில் சேரும் பலருக்கு இன்னும் பதினெட்டு நிறைந்திருக்காது. பதினேழு வயதில் எடுத்த ஒரு காணொளி, விருப்பத்தோடு எடுத்ததானாலும், சட்டப்படி சிறார் ஆபாசம். அதைப் பதிவிறக்கி வைத்திருந்தவரும் போக்சோ சட்டத்தில் சிக்குவார். அம்பத்தூரில் பதிவான ஒரு வழக்கில், தனியாகப் பார்ப்பது குற்றமில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜனவரியில் தள்ளுபடி செய்ததை, அதே ஆண்டு செப்டம்பர் 23-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்து இந்த நிலையைத் தெளிவாக்கிவிட்டது. ‘பார்த்துவிட்டு அழித்துவிடலாம்’ என்று நினைக்கும் அண்ணன்மார்களுக்கு இது தெரிய வேண்டும்.

ஏற்கெனவே சிக்கிக்கொண்டு இதை வாசிப்பவர் யாரேனும் இருந்தால்: மிரட்டுபவருக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள், கொடுத்தால் அடுத்த வாரம் மீண்டும் கேட்பார். மிரட்டல் செய்திகளை அழிக்காமல் திரைப்படம் எடுத்து வையுங்கள். பணம் ஏற்கெனவே பறிபோயிருந்தால் 1930 என்ற எண்ணை உடனே அழையுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான பகுதியில் பெயர் தராமலே புகாரைப் பதிவு செய்யும் வசதி உள்ளது. காவல் நிலையத்துக்குப் போவதென்றால் தனியாகப் போகாமல் ஒரு பெண் வழக்கறிஞருடன் போங்கள், என்ன சொல்ல வேண்டும், எதைக் கேட்டால் பதில் சொல்லத் தேவையில்லை என்பதை அவர் முன்கூட்டியே சொல்லிவிடுவார்.

பிரிட்டனிலிருந்து இயங்கும் ‘ஸ்டாப் என்சிஐஐ’ என்ற இலவசச் சேவையும் உண்டு. அதில் படத்தை யாருக்கும் அனுப்பத் தேவையில்லை. உங்கள் கைப்பேசியிலேயே அந்தப் படத்துக்கு ஒரு எண்கோவை உருவாகும், அந்தக் கோவை மட்டும் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற தளங்களுக்குப் போகும், அதே படத்தை யாராவது ஏற்ற முயன்றால் தளம் அடையாளம் கண்டு தடுக்கும். டெலிகிராமில் ஓடுவதை இது நிறுத்தாது. பதினெட்டு வயதுக்குள் எடுத்த படமென்றால் ‘டேக் இட் டவுன்’ என்ற தனிச் சேவை. இரண்டிலும் பெயர் கேட்க மாட்டார்கள்.